வெள்ளரிக்காய் செய்த குற்றம் என்ன?

"உணவு ஒவ்வாமை காரணமாக மாணவர்கள் வைத்தியசாலையில் அனுமதி" என்ற வகைத் தலைப்பை எமது தமிழ்ப் பத்திரிகைகளில் ஆண்டுக்குப் பல தடவைகள் காணலாம். பாடசாலை விழா, ஆடைத் தொழிற்சாலையின் சிற்றுண்டிச்சாலை, திருமண வீடு, கோயில் அன்னதானம் என்று இடம் மட்டுமே மாறும். எத்தனை பேர், எந்த வைத்தியசாலை, எவரும் ஆபத்தான நிலையில் இல்லை என்ற ஆறுதல், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் உணவு மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்பியுள்ளார்கள் என்ற கடைசி வாக்கியம். செய்தி அத்துடன் முடிந்துவிடும். அந்த மாதிரிகளுக்கு என்ன நேர்ந்தது, ஆய்வுகூடம் எதைக் கண்டது, எதைக் காணவில்லை என்று மறுநாளோ மறுமாதமோ எழுதும் பத்திரிகையைக் காண்பது அரிது. இடையில் சமைத்தவரின் பெயர் ஊரெங்கும் அடிபட்டிருக்கும். அவருடைய கடை மூடப்பட்டும் இருக்கலாம்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிக் கூறிவிடுகிறேன். ஒவ்வாமை என்பது உண்பவரின் உடம்பிலுள்ள குணம். இறால் சிலருக்கு ஒவ்வாது, நிலக்கடலை சிலருக்கு ஒவ்வாது. அதில் இறாலுக்கோ கடலைக்கோ குற்றமில்லை. ஒரே பானையில் வெந்த சோற்றை உண்ட எண்பது பேரும் ஒரே மாலையில் வாந்தியெடுத்தால் அதற்குப் பெயர் ஒவ்வாமையன்று. உணவில் ஏதோ ஒன்று வளர்ந்திருக்கிறது, அல்லது வளர்ந்தது தன் நஞ்சை விட்டுச் சென்றிருக்கிறது. "ஒவ்வாமை" என்று எழுதும்போது பழியை நாம் அறியாமலே உண்டவர் மீது ஏற்றிவிடுகிறோம். "உணவு நஞ்சானது" என்று எழுதுவதே முறை. எந்தக் கிருமி நஞ்சாக்கியது, எங்கிருந்து வந்தது என்ற கேள்விகள் அதன்பிறகுதான் பிறக்கும்.

நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்தவன். பக்ரீரியாவைப் பற்றி நான் அறிந்தவை யாவும் செய்தியறைக்கு வந்தபின் வாசித்தும், ஆய்வுகூடங்களில் பணிபுரியும் நண்பர்களை நச்சரித்தும் தேடிக்கொண்டவைதான். அந்த நச்சரிப்பில் அறிந்த முதல் விடயம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. உணவில் கிருமியைத் தேடுவோர் உணவை நேராக நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒன்றும் விளங்காது. நோயை உண்டாக்கும் கிருமி சிலவாகவும், தீங்கற்ற கிருமிகள் கோடிக்கணக்கிலும் அங்கே கலந்து கிடக்கும். எனவே தேடுவதற்கு முன் அதை வளர்க்க வேண்டும்.

சல்மொனெல்லாவை எடுத்துக்கொள்வோம். உணவில் 25 கிராமை நிறுத்து, 225 மில்லிலீற்றர் ஊட்டக் கரைசலில் கலந்து, 37 பாகை வெப்பத்தில் ஓர் இரவு வைக்கிறார்கள். குளிரூட்டியிலும் உப்பிலும் புளியிலும் நலிந்துபோன கிருமிக்கு இது இளைப்பாறும் மடம். மறுநாள் அதிலிருந்து சிறிதளவை எடுத்து, ஏனைய கிருமிகள் தழைக்க முடியாத, சல்மொனெல்லாவுக்கு மட்டும் ஓரளவு ஒத்துவரும் கரைசலில் இடுகிறார்கள். மூன்றாம் நாள் அதனை வட்டக் கிண்ணத்தில் உறைந்திருக்கும் ஊடகத்தின் மீது கோடிழுக்கிறார்கள். நான்காம் நாள் சிவந்த பரப்பில் கரும்பொட்டு வைத்தாற்போல் கூட்டங்கள் தென்பட்டால் சந்தேகம் வலுக்கிறது. சந்தேகம் மாத்திரந்தான். இரசாயனச் சோதனைகளும் குருதித்தெளியச் சோதனைகளும் முடிந்தபின்னரே பெயர் சொல்வார்கள். ஒரு வாரம் ஓடிவிடும். பத்திரிகைக்காரனுக்கு ஒரு வாரம் என்பது ஒரு யுகம்.

எல்லாக் கிருமியும் இப்படிப் பணிந்து வருவதில்லை. கம்பைலோபக்டர் ஒட்சிசன் குறைந்த காற்றையே விரும்பும். லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் மெல்ல மெல்லப் பெருகும். எமது நாட்டில் மதிய உணவுப் பொதிகளோடு அதிகம் தொடர்புபடக்கூடியவை ஸ்டபிலோகொக்கசும், சோற்றை விரும்பும் பசிலஸ் செரியசும் ஆகும். இவை இரண்டும் வெப்பத்துக்கு அழியாத நஞ்சை உணவிலேயே விட்டுச்செல்ல வல்லவை. காலையில் வடித்த சோறு வெக்கையில் கிடந்து, பிறகு சூடாக்கிப் பரிமாறப்படும்போது கிருமி செத்துவிடலாம், நஞ்சு சாகாது. உண்டு ஓரிரு மணித்தியாலங்களில் வாந்தி தொடங்கிவிடும். அத்தகைய உணவில் உயிருள்ள கிருமியைத் தேடிக் காணாமற்போனால் "பரிசோதனையில் ஒன்றுமில்லை" என்று செய்தி வரும். சமையற்காரர் தப்பித்தார் என்று ஒருவர் எழுதுவார், பரிசோதகர் இலஞ்சம் வாங்கினார் என்று இன்னொருவர் பேசுவார். இரண்டுமே அறியாமை.

இக்கலையின் வயது ஏறத்தாழ 140 ஆண்டுகள். 1888 ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்கன்ஹவுசனில் நோயுற்ற ஒரு மாட்டின் இறைச்சியை உண்ட பலர் நோயுற்றனர், ஓர் இளைஞர் இறந்தார். ஓகஸ்ட் கேர்ட்னர் என்ற விஞ்ஞானி அந்த இறைச்சியிலிருந்தும் இறந்தவரின் மண்ணீரலிலிருந்தும் ஒரே பக்ரீரியாவைப் பிரித்தெடுத்தார். உண்ட பொருளிலும் உண்டவர் உடம்பிலும் ஒரே கிருமி இருக்கவேண்டும் என்ற இந்த எளிய நியாயத்தின் மீதுதான் இன்றுவரை முழுக் கட்டடமும் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் ரொபேர்ட் கொஹ்வின் ஆய்வுகூடத்தில் கிருமிகளைத் தனித்தனியாக வளர்க்கத் திண்மமான ஊடகம் தேடி அலைந்தார்கள். ஜெலற்றின் கோடை வெயிலில் உருகியது, சில கிருமிகள் அதையே தின்று கரைத்தன. அங்கு பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி பன்னி ஹெஸ்ஸே 1881 இல் கடற்பாசியைப் பயன்படுத்தும்படி கூறினார். யாவாவில் வாழ்ந்திருந்த ஒரு குடும்பத்தினரிடமிருந்து அவர் அறிந்துகொண்ட சமையல் இரகசியம் அது. நோன்புக் காலத்தில் எமது முஸ்லிம் நண்பர்களின் வீடுகளில் காய்ச்சித் தருவார்களே, அதே கடற்பாசிதான் உலகத்தின் நுண்ணங்கி ஆய்வுகூடங்கள் அனைத்தையும் தாங்கி நிற்கிறது. 1882 இல் கடற்பாசி ஊடகத்தைக் குறிப்பிட்ட கொஹ், அந்த அம்மையாரின் பெயரைக் குறிப்பிடவில்லை.

எமது தீவுக்கும் இந்த வரலாற்றில் ஒரு சிறு மூலை உண்டு. நெருங்கிய உறவுடைய கிருமிகளைக் குருதித்தெளியத்தைக் கொண்டு பிரித்தறியும் உறிஞ்சல் முறையை 1902 இல் வெளியிட்ட அல்டோ கஸ்ரெலானி என்ற இத்தாலியர், அடுத்த ஆண்டே கொழும்புக்கு வந்து இங்கிருந்த பக்ரீரியா ஆய்வு நிலையத்தின் பணிப்பாளரானார். சல்மொனெல்லாவின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்துப் பெயரிட உதவிய அடிப்படைகளில் அம்முறையும் ஒன்று.

இனி வெள்ளரிக்காய்க்கு வருகிறேன்.

2011 மே மாதம் 19 ஆம் திகதி, பேர்லினிலுள்ள ரொபேர்ட் கொஹ் நிறுவகத்துக்கு ஹம்பேர்க் நகரிலிருந்து ஒரு தகவல் வந்தது. மூன்று பிள்ளைகள் இரத்த வயிற்றோட்டத்தைத் தொடர்ந்து சிறுநீரகம் செயலிழந்து வைத்தியசாலையில் இருக்கிறார்கள். விசாரணைக் குழு மறுநாளே ஹம்பேர்க்கை அடைந்தபோது நிலைமை இன்னும் விபரீதமாக இருந்தது. இந்நோய் வழக்கமாகச் சிறுபிள்ளைகளைத் தாக்குவது. இம்முறை சிறுநீரகம் பாதிக்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேரளவில் வயதுவந்தோர், மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். ஆரோக்கியமான உணவு என்று பச்சைக் காய்கறிகளைத் தேடி உண்டவர்கள். ஜூலையில் கொள்ளைநோய் ஓய்ந்தபோது ஜேர்மனியில் மட்டும் 3,800 க்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தனர். அவர்களுள் 855 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. 53 பேர் இறந்தனர்.

மே 25 இல், வட ஜேர்மனியில் தக்காளி, வெள்ளரி, இலைக்கறி ஆகியவற்றைப் பச்சையாக உண்ண வேண்டாமென அரச நிறுவனங்கள் அறிவித்தன. நோயாளர்களை விசாரித்ததில் கிடைத்த விடைகள் அவ்வாறிருந்தன. அதில் தவறில்லை. தவறு மறுநாள் நடந்தது. ஹம்பேர்க் சந்தையிலிருந்து எடுத்த ஸ்பானிய வெள்ளரிக்காய்களில் நச்சுண்டாக்கும் ஈகோலி பக்ரீரியா காணப்பட்டதாக அந்நகரச் சுகாதார அதிகாரிகள் அறிவித்தார்கள். அவ்வளவுதான். உலகப் பத்திரிகைகளுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டார். நாடும் தெரிந்தது, மாகாணமும் தெரிந்தது. ஸ்பெயினின் தெற்கே விவசாயிகள் வெள்ளரியைக் குப்பையில் கொட்டினார்கள், மாட்டுக்குப் போட்டார்கள். ஜூன் 2 இல் ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்தின் காய்கறி முழுவதையும் தடைசெய்தது.

மே 31 இல் அதே ஹம்பேர்க் அதிகாரிகள் இன்னோர் அறிவித்தலை விடுத்தார்கள். வெள்ளரியில் ஈகோலி இருந்தது உண்மை. ஆனால் அது நோயாளர்களின் உடம்பில் இருந்த இனமன்று.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். ஆய்வுகூடம் பொய் சொல்லவில்லை. முதற் சோதனையின் விடை சரியானது. ஆனால் அது பாதி விடை. "நச்சுண்டாக்கும் ஈகோலி இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "ஆம்". "நோயாளரைக் கொல்லும் அதே ஈகோலியா?" என்ற கேள்விக்கு விடை இன்னும் கிண்ணத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. 1888 இல் கேர்ட்னர் மண்ணீரலையும் இறைச்சியையும் ஒப்பிட்டது எதற்காகவோ அதே வேலையைச் செய்துமுடிக்கும் முன்னர் ஒலிவாங்கியின் முன் போய் நின்றுவிட்டார்கள். ஐந்து நாள் பொறுத்திருந்தால் போதும். பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு 210 மில்லியன் யூரோவை இழப்பீடாக ஒதுக்கியது. தங்கள் இழப்பு அதனிலும் பன்மடங்கு என்றார்கள் விவசாயிகள்.

அக்கிருமியைக் கண்டறிவதே இலகுவாக இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இரத்த வயிற்றோட்டம் என்றால் ஆய்வுகூடங்கள் வழக்கமாகத் தேடுவது ஓ157:எச்7 என்ற ஈகோலி இனத்தை. ஏனைய ஈகோலிகள் சோர்பிற்றோல் என்ற வெல்லத்தைப் புளிக்கவைக்கும், இது புளிக்கவைக்காது. ஆகவே அவ்வெல்லம் கலந்த ஊடகத்தில் நிறமற்ற கூட்டங்களைக் கண்டால் அதுதான் என்று பிடிப்பார்கள். 2011 இல் வந்ததோ ஓ104:எச்4. சோர்பிற்றோலைச் சாதாரண ஈகோலி போலவே புளிக்கவைத்து, அதே நிறத்தில், அப்பாவிகளோடு அப்பாவியாக அமர்ந்திருந்தது. முன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹெல்கே கார்ச் தலைமையிலான குழு மே 25 அளவில் இனத்தை அடையாளம் கண்டு, அதனைப் பிடிப்பதற்கான பி.சி.ஆர். சோதனையையும் வகுத்துக் கொடுத்தது. அக்கிருமி பல நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்க்கும் வல்லமையும் பெற்றிருந்தது. வைத்தியர்களுக்குத் தலையிடியான அந்தக் குணமே ஆய்வுகூடத்தாருக்குக் கைகொடுத்தது. அந்த மருந்துகளை ஊடகத்தில் கலந்தால் ஏனையவை சாகும், இது தப்பிப் பிழைத்துக் காட்டிக்கொடுக்கும். ஜூன் முதல் வாரத்திலேயே ஹம்பேர்க் வைத்தியர்களும் சீன நிறுவனமொன்றும் சேர்ந்து அதன் மரபணுத் தொடரை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிட்டனர். பல நாட்டு ஆய்வாளர்கள் இராப்பகலாக அதனை வாசித்துக் கருத்தெழுதினார்கள்.

இத்தனை கருவிகள் இருந்தும் குற்றவாளியைக் கண்டுபிடித்தது ஆய்வுகூடமன்று. ஒரு சமையற்காரரின் சமையற் குறிப்பு.

நோயாளரிடம் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் தக்காளியும் வெள்ளரியும் நினைவுக்கு வரும். சலாதின் மேல் அலங்காரமாகத் தூவப்பட்ட முளைகட்டிய தானியம் எவருக்கு நினைவிருக்கும்? ஓர் ஆய்வில் நோயாளரில் நான்கில் ஒருவரளவிலேயே அதனை நினைவுகூர்ந்தார்கள். எனவே விசாரணையாளர்கள் வழியை மாற்றினார்கள். ஒரே உணவகத்தில் உண்ட பத்துக் குழுவினரை எடுத்து, அவர்கள் என்ன கேட்டு வாங்கினார்கள் என்பதைப் பற்றுச்சீட்டுகளிலும் எடுத்த புகைப்படங்களிலும் பார்த்து, அந்தத் தட்டுகளில் எதனை எவ்வளவு இட்டார் என்று சமையற்காரரிடம் கேட்டார்கள். விடை பளிச்சென்று தெரிந்தது. முளைத்தானியம் பரிமாறப்பட்டோர் நோயுறும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ 14 மடங்கு. நோயுற்ற அனைவரது தட்டிலும் அது இருந்தது. மறுபுறம், விநியோகப் பாதையைத் தேடிச் சென்றவர்கள் 41 நோய்க் கொத்தணிகளும் கீழ்ச் சக்சனியிலுள்ள பீனன்பியூட்டல் என்ற ஊரின் ஒரே பண்ணையில் வந்து முடிவதைக் கண்டார்கள்.

ஜூன் 5 இல் மாநில அமைச்சர் அப்பண்ணையைச் சுட்டிக்காட்டினார். மறுநாள் வந்த முதற் சோதனை முடிவுகளில் கிருமி இல்லை. பத்திரிகைகள் மீண்டும் கூத்தாடின. முதலில் வெள்ளரி, இப்போது முளை, அடுத்தது என்ன என்று கேலி செய்தன. ஆனால் இம்முறை அதிகாரிகள் சொன்னது சரி. ஜூன் 10 இல் முளைத்தானியமே காரணமென அறிவிக்கப்பட்டு, வெள்ளரிக்கும் தக்காளிக்கும் விடுதலை கிடைத்தது. அச்சமயத்தில், ஒரு நோயாளர் வீட்டின் குப்பைத்தொட்டியில் கிடந்த திறந்த முளைப் பொதியில் ஓ104:எச்4 கண்டுபிடிக்கப்பட்டது. திறந்த பொதி என்பதால் நோயாளரின் கையிலிருந்தே அது போயிருக்கலாம் என்று வாதிடவும் இடமிருந்தது.

அந்த மாத இறுதியில் பிரான்சின் போர்தோ நகருக்கு அருகில் சிலர் அதே இனத்தால் நோயுற்றார்கள். அவர்களும் முளை தின்றவர்கள். இரண்டு நாடுகளுக்கும் பொதுவாக இருந்தது ஒரு விதை. 2009 இல் எகிப்திலிருந்து கப்பலேறிய 15 தொன் வெந்தயம். ஆம், நமது வெந்தயந்தான். மீன் குழம்புக்குத் தாளிக்கும், பிள்ளை பெற்றவளுக்குக் களி கிண்டும் அதே வெந்தயம். எமது சட்டியில் அது கொதிக்கிறது, கிருமி சாகிறது. முளைகட்டும் பண்ணையில் அது வெதுவெதுப்பான ஈரத்தில் நாட்கணக்கில் ஊறுகிறது. ஆய்வுகூடத்தில் கிருமியைப் பெருக்குவதற்கு என்ன செய்வார்கள் என்று மேலே எழுதினேனோ அதையே பண்ணையும் செய்கிறது. ஊட்டம், ஈரம், இளஞ்சூடு, நேரம். விதையில் சில கிருமிகள் இருந்தால் போதும், தட்டுக்கு வரும்போது கோடிகளாகிவிடும். பயறு முளைகட்டிப் பச்சையாக உண்பது உடம்புக்கு நல்லதென்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பும் அன்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக. ஒரு கொதி கொதிக்க வைத்தால் எந்தக் குறையும் வந்துவிடாது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2011 ஜூலை 5 இல் தன் அறிக்கையில் அந்த எகிப்திய வெந்தயத்தைச் சுட்டியது. எகிப்து மறுத்தது. சோதித்த விதைகளில் கிருமியைக் காண முடியவில்லை என்பதே அதற்கு வாய்ப்பாக அமைந்தது. ஆனால் 15 தொன்னில் எந்தப் பிடியில் கிருமி இருந்தது? எடுத்துச் சோதித்ததோ சில கிலோக்கள். அந்தப் பிடியில் இல்லை என்பதையே முடிவு சொல்லும். மூட்டை முழுவதிலும் இல்லை என்று அது சொல்லாது.

ஆகவே ஆய்வுகூடத்தின் "இருக்கிறது" என்பதற்கும் "இல்லை" என்பதற்கும் எடை ஒன்றல்ல. செய்தியாளர்கள் இதனை அறியாதிருப்பதுதான் என் முறைப்பாடு. "இருக்கிறது" என்று வந்தால் அதே இனமா என்று கேட்க வேண்டும். "இல்லை" என்று வந்தால் எத்தனை மாதிரி, எப்போது எடுத்தது, எதைத் தேடினார்கள் என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. நீதிமன்றச் செய்தி எழுதும் நிருபர் "சந்தேகநபர்" என்றும் "குற்றவாளி" என்றும் பிரித்தெழுதப் பழகியிருக்கிறார். வெள்ளரிக்காய்க்கு மட்டும் ஏன் அந்த மரியாதை மறுக்கப்படுகிறது? வெள்ளரிக்காய்க்குப் பின்னால் ஒரு விவசாயி இருக்கிறார், பிலாவு சமைத்தவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சோதனை முடிவு வரும்வரை வாய் திறக்கக்கூடாது என்று நான் வாதிடவில்லை. ஜூன் 10 இல் ஜேர்மனியர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்திருந்தால் இன்னும் பலர் முளை தின்றிருப்பார்கள். அன்று பேசியது சரி, ஏனெனில் கையில் பத்துக் குழுக்களின் கணக்கும் 41 கொத்தணிகளின் பாதையும் இருந்தன. மே 26 இல் கையில் இருந்தவை மூன்று நான்கு வெள்ளரிக்காய்கள்.

யப்பானில் இக்கதை வேறுவிதமாக நிகழ்ந்தது. 1996 ஜூலையில் சக்காய் நகரப் பாடசாலைகளின் மதிய உணவால் பல்லாயிரம் மாணவர்கள் ஓ157 தொற்றுக்கு ஆளாகினர். அவ்வேளை மூன்று பிள்ளைகள் இறந்தனர். ஓகஸ்ட்டில் சுகாதார அமைச்சு முள்ளங்கி முளையைச் சந்தேகத்துக்குரியதாக வெளியிட்டது. முளையில் கிருமி கண்டெடுக்கப்படவில்லை. சந்தை சரிந்து விவசாயிகள் கதறியபோது, பின்னாளில் பிரதமரான அன்றைய அமைச்சர் நவோத்தோ கான் ஒளிப்படக் கருவிகளின் முன்னிலையில் முள்ளங்கி முளையை அள்ளி உண்டு காட்டினார். அமைச்சர் உண்டதால் எதுவும் நிரூபணமாகாது, உண்ணாதிருந்தாலும் ஆகாது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். வெளியிட்ட விதத்துக்கு அரசாங்கமே பொறுப்பு என்ற தீர்ப்பு 2004 இல் உயர்நீதிமன்ற மட்டத்தில் உறுதியாயிற்று.

இப்போதைய நிலை என்ன? மரபணுத் தொடரை முழுமையாக வாசிப்பது இன்று மலிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் 1993 இல் ஓர் உணவகத் தொடரின் மாட்டிறைச்சி பேர்கரால் 700 க்கும் அதிகமானோர் நோயுற்று நான்கு பிள்ளைகள் மாண்டபின், கிருமிகளின் கைரேகையை மாநிலங்களிடையே ஒப்பிடும் பல்ஸ்நெற் என்ற வலையமைப்பை 1996 இல் உருவாக்கினார்கள். வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாக நோயுற்ற நால்வர் ஒரே உணவால் நோயுற்றவர்கள் என்று இன்று சொல்ல முடிவது அவ்வகை வலையமைப்புகளால்தான். ஆனால் அதே நாட்டில், 1990களின் நடுப்பகுதி முதல் உணவுவழிக் கிருமிகளைத் தேடிச்சென்று கணக்கெடுத்த பூட்நெற் என்ற திட்டத்தில் கட்டாயமாகக் கண்காணிக்கவேண்டிய கிருமிகளின் தொகை 2025 ஜூலையில் எட்டிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. சல்மொனெல்லாவும் நச்சுண்டாக்கும் ஈகோலியும் எஞ்சின. லிஸ்டீரியாவும் கம்பைலோபக்டரும் மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டன. எண்ணாமல் விட்டால் நோய் குறைந்ததுபோல் தோன்றும். அரசுகளுக்கு அது வசதியானது.

இன்னொரு சிக்கலையும் ஆய்வுகூட நண்பர் ஒருவர் கவலையோடு சொன்னார். வைத்தியசாலைகள் இன்று கிருமியை வளர்க்காமலே, மலத்திலுள்ள மரபணுவைக் கொண்டு சில மணித்தியாலத்தில் விடை காண்கின்றன. நோயாளருக்கு அது நல்லது. ஆனால் உயிருள்ள கிருமி கையில் இல்லாவிட்டால், உணவில் கிடைத்ததோடு ஒப்பிட எதுவும் இருக்காது. "சல்மொனெல்லா" என்று தெரியும், யாருடைய சல்மொனெல்லா என்று தெரியாது. விரைவு வந்தபோது கேர்ட்னரின் ஒப்பீடு கைநழுவுகிறது. இரண்டையும் செய்வதற்கு ஆளும் பணமும் வேண்டும். பாலம் திறக்க அமைச்சர்கள் வருவார்கள். கடற்பாசிக் கிண்ணம் வாங்கிக் கொடுத்து எவரும் நாடா வெட்டுவதில்லை.

எமது நாட்டில் உணவுச் சட்டம் 1980 முதல் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். வெயிலில் மோட்டார் சைக்கிளில் அலைந்து மாதிரி எடுக்கும் அவர்களைப் பத்திரிகைகள் கடைகளைச் சோதனையிடும் பொலிஸ்காரர்களைப் போலவே சித்திரிக்கின்றன. நான் கேட்பது இரண்டு விடயங்கள். கூட்டமாக மக்கள் நோயுறும் ஒவ்வொரு சம்பவத்திலும், என்ன தேடினோம், எத்தனை மாதிரியில், என்ன கண்டோம், அல்லது காணவில்லை என்பதை ஒரு பக்கத்திலாவது மும்மொழியிலும் வெளியிட வேண்டும். கண்டிபிடிக்க முடியவில்லை என்று எழுதுவதில் வெட்கமில்லை.

மற்றையது மாதிரியைப் பற்றியது. மாணவர்கள் வாந்தியெடுக்கத் தொடங்கும் நேரத்தில் பானை கழுவப்பட்டிருக்கும். பரிசோதகர் வரும்போது மிஞ்சியிருப்பது நாய் முகர்ந்த எச்சில் பொதி. சக்காய் அனர்த்தத்தின் பின்னர் யப்பானில் பெருந்தொகையினருக்குச் சமைக்கும் நிலையங்களுக்கு ஒரு விதிமுறை வகுத்தார்கள். மூலப்பொருளிலும் சமைத்த உணவிலும் ஒவ்வொன்றிலும் 50 கிராமளவில் சுத்தமான பையிலிட்டு, பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில், இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். நோய் வராவிட்டால் எறிந்துவிடலாம். வந்தால் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஒன்று இருக்கும், சமைத்தவருக்குத் தன் பக்க நியாயத்தைச் சொல்லவும் ஒன்று இருக்கும். பாடசாலை மதிய உணவுக்கு ஒப்பந்தம் கொடுக்கும்போது ஓர் உறைகுளிர்ப்பெட்டியையும் நிபந்தனையில் சேர்ப்பதற்கு எத்தனை ரூபாய் பிடிக்கும் என்று கல்வி அமைச்சில் எவராவது கணக்குப் பார்த்திருக்கிறார்களா?